வீட்டு நீச்சல் குளத்துக்கு உப்பா, மாத்திரையா, ஓசோனா?

கேள்வி இதுதான். கோவையில் தொண்டாமுத்தூர் பக்கம் தோட்டத்து வீடு. பின்புறத்தில் 30 அடிக்கு 15 அடி, சராசரி 4 அடி ஆழத்தில் குளம் கட்டுகிறார்கள். தண்ணீர் போர்வெல்லில் இருந்து: டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தம்) 1,400, கடினத்தன்மை (சுண்ணாம்பு) 700, காரத்தன்மை 350; எல்லாம் பிபிஎம், அதாவது லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில். வீட்டில் இரண்டு குழந்தைகள். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கியிருக்கிறார்கள். ஒருவர் உப்பு சிஸ்டம் போட்டால் குளோரின் வாங்கவே வேண்டாம் என்கிறார். இன்னொருவர் ஓசோன் போட்டால் கெமிக்கலே தேவையில்லை என்கிறார். மூன்றாமவர் செம்பு-வெள்ளி அயனைசர் (அந்த உலோகங்களைத் துளித்துளியாகத் தண்ணீரில் கரைக்கும் கருவி), 'நாசா டெக்னாலஜி' என்கிறார். எதைப் போடுவது?

உங்கள் தண்ணீரைப் பார்த்தபின் என் பதில்: இப்போதைக்கு திரவக் குளோரின், அதைத் தானாக ஊற்ற ஒரு சின்ன டோசிங் பம்ப். உப்பு சிஸ்டத்துக்கு மோட்டார் ரூமில் இடம் மட்டும் விட்டு வையுங்கள். ஓசோனும் அயனைசரும் உங்களுக்கு வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஏனென்றால் இதே கேள்வியை ஊட்டியிலிருந்தோ ஈசிஆரிலிருந்தோ ஒருவர் கேட்டால் என் பதில் வேறாக இருக்கும். நீச்சல் குளங்களுக்கு பம்பும் ஃபில்டரும் பொருத்துவதுதான் என் தொழில். எந்த கம்பெனியின் பொருளையும் விற்பவன் இல்லை.

குளத்துத் தண்ணீரில் மருந்துக்கு இரண்டு வேலை. ஒன்று, கிருமியைக் கொல்வது. இரண்டு, வியர்வை, சிறுநீர், சன்ஸ்கிரீன், தலை எண்ணெய், இலை தழை என்று உள்ளே வந்து விழும் அழுக்கை எரித்துத் தீர்ப்பது. இந்த இரண்டையும் மோட்டார் ரூமில் ஒரு பெட்டிக்குள் செய்தால் போதாது. குளத்தின் மூலை முடுக்கெல்லாம் எந்நேரமும் நடந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு குழந்தை வாயில் கொண்ட தண்ணீரைத் துப்பினால், பக்கத்தில் நிற்கும் குழந்தை அதை விழுங்குவதற்குள் அந்த இடத்திலேயே கிருமி சாக வேண்டும். அதற்குத் தண்ணீரிலேயே கலந்து நிற்கிற மருந்து தேவை. வீட்டுக் குளத்துக்கு அப்படி நிற்கக்கூடியவை நடைமுறையில் குளோரினும் புரோமினும்தான். புரோமினுக்கு வெயிலில் இருந்து நல்ல பாதுகாப்பு கிடையாது. ஆகவே திறந்தவெளிக் குளத்துக்கு அது சரிப்படாது. உள்ளரங்கத்து சூடான தொட்டிகளுக்கு ஆகும்.

1 பிபிஎம் குளோரினில் ஈகோலை ஒரு நிமிடத்துக்குள் சாகிறது. ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒரு ஒட்டுண்ணி உண்டு. வயிற்றுப்போக்கு வந்தவர் குளத்தில் இறங்கினால் வருவது. அது அதே குளோரினில் 10 நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். அதைக் கொல்லக்கூடிய ஓசோனுக்கும் யூவிக்கும் (புற ஊதாக் கதிர் விளக்கு) நியாயமான இடம் இங்கேதான் இருக்கிறது. பள்ளி, கிளப், ஓட்டல் என்று முன்பின் தெரியாத நூறு பேர் இறங்குகிற குளத்தில் யூவி நல்ல முதலீடு. வீட்டுக் குளத்தில் அதற்குப் பதில் ஒரே ஒரு விதி போதும்: வயிறு சரியில்லாதவர், சரியாகி இரண்டு வாரம் ஆகும்வரை, தண்ணீரில் இறங்கக் கூடாது.

ஓசோன்காரர் சொன்னதில் பாதி உண்மை. ஓசோன் குளோரினைவிட வேகமாகக் கொல்லும். ஆனால் பைப்பைத் தாண்டிக் குளத்துக்குள் அது நிற்பதில்லை, நிற்கவும் கூடாது. நீர்ப்பரப்பின் மேல் ஓசோன் தேங்கினால் குளிப்பவர் நுரையீரலுக்குக் கெடுதல். யூவி விளக்கு தன்னைக் கடந்து போகிற தண்ணீரை மட்டும் சுத்தம் செய்யும். படிக்கட்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாசிக்கு அந்த விளக்கு இருப்பதே தெரியாது. கேரளத்தில் 2024-லும் 2025-லும் மூளையைத் தின்னும் அமீபாவால் ஏற்பட்ட சாவுச் செய்திகளைப் படித்திருப்பீர்கள். வெதுவெதுப்பான, மருந்தில்லாத நன்னீரில் வளர்ந்து மூக்கு வழியாக ஏறுகிற உயிர் அது. தண்ணீரில் குளோரின் ஒழுங்காக நின்றால் அது பிழைக்காது. 'கெமிக்கல் இல்லாத குளம்' என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது.

அயனைசரைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அப்போலோ விண்கலத்தின் குடிநீருக்காக நாசா வெள்ளி அயனியை வைத்து ஒரு கருவி செய்தது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீரில் யாரும் குதித்து விளையாடவில்லை. செம்பு பாசியை நன்றாகக் கட்டுப்படுத்தும்; கிருமியைக் கொல்ல நேரம் எடுத்துக்கொள்ளும்; அழுக்கை எரிக்கவே எரிக்காது. அதனால் கூடவே குளோரின் போட்டாக வேண்டும். அளவு மிஞ்சினால் டைல்ஸ் இடுக்கில் பச்சைக் கறை விழும், வெளுத்த முடி பச்சை பூக்கும். உங்கள் போர் தண்ணீரின் காரத்தன்மையில் செம்பு சீக்கிரமே படியும். விட்டுவிடுங்கள்.

ஆக, போட்டி குளோரினுக்கும் மற்றதற்கும் இடையில் இல்லை. எந்த வடிவத்தில் குளோரின் என்பதுதான் கேள்வி. உப்பு சிஸ்டமும் குளோரின்தான். மோட்டார் ரூமிலேயே தயாராகிறது, அவ்வளவே.

உங்கள் குளம் 1,800 கன அடி, கிட்டத்தட்ட 51,000 லிட்டர். 1 பிபிஎம் ஏற்ற 51 கிராம் குளோரின் வேண்டும். கோவை வெயிலில், நிலைப்படுத்தி சரியான அளவில் இருக்கும்போது, வீட்டுக் குளம் ஒன்று நாளுக்கு 2 முதல் 4 பிபிஎம் வரை செலவழிக்கும். நடுவில் 3 என்று வைத்துக்கொண்டால் தினமும் சுமார் 150 கிராம். இந்த 150 கிராமை எந்த வழியில் கொண்டுவந்து சேர்க்கிறோம், கூடவே வேறு என்னென்ன வந்து சேர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நிலைப்படுத்தி என்றேனே, அதன் பெயர் சயனூரிக் ஆசிட். அது இல்லாத தண்ணீரில் உச்சி வெயில் முக்கால் மணி நேரத்துக்குள் பாதிக் குளோரினைக் காலி செய்துவிடும். காலையில் ஊற்றியது மதியச் சாப்பாட்டுக்கு முன் காணாமல் போகும். 30 முதல் 40 பிபிஎம் சயனூரிக் ஆசிட் போட்டால் அது குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேண்டியபோது விடும். ஆனால் பிடித்து வைப்பதால் கொல்லும் வேகமும் குறைகிறது. சயனூரிக் ஆசிட் எவ்வளவு இருக்கிறதோ அதில் ஏழரை சதமாவது குளோரின் நிற்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 40 இருந்தால் 3 பிபிஎம் குளோரின். 100 இருந்தால் ஏழரை. 200 இருந்தால் 15. அப்புறம் அந்தக் குளத்தை நடத்துவது தலைவலி.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். கடைக்காரர் 'டிசிசிஏ 90' (TCCA, டிரைகுளோரோ ஐசோசயனூரிக் ஆசிட்) என்று கொடுக்கும் வெள்ளை மாத்திரை. மிதவையில் போட்டுவிட்டால் மெதுவாகக் கரையும், வேலை மிச்சம். அதன் எடையில் 90 சதம் பயன்படும் குளோரின் என்பதும் உண்மை. டப்பாவின் மேல் சொல்லாத விஷயம், ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினோடும் 6 பிபிஎம் சயனூரிக் ஆசிடையும் அது கொண்டுவருகிறது என்பது. உங்கள் கணக்கில் நாளுக்கு 3 பிபிஎம் குளோரின் என்றால் 1.8 சயனூரிக் ஆசிட், மாதத்துக்கு 54. குளோரின் செலவாகிப் போய்விடும், சயனூரிக் ஆசிட் போகாது. வெயிலில் ஆவியாகாது, ஃபில்டரில் நிற்காது. இரண்டு மாதத்தில் 100-ஐத் தாண்டும், நாலு மாதத்தில் 200. குறைக்க நடைமுறையில் ஒரே வழி, தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்புவது. பாதியை மாற்றினாலும் 25,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் இரண்டு லோடுக்கு மேல். சித்திரை மாதத்தில் அதற்கு யாரிடம் போய்க் கேட்பது?

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். தண்ணீர் பச்சை, குளோரின் அளந்தால் 3 காட்டுகிறது. 'மருந்து இருக்கிறதே சார், பிறகு ஏன் பாசி?' என்று தோட்டக்காரர் கேட்டார். சயனூரிக் ஆசிட் சோதனைக்கு ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு, அடியில் கறுப்புப் புள்ளியோடு. கொஞ்சம் குளத்துத் தண்ணீரை எடுத்து அதில் சோதனை மருந்தைக் கலந்தால் பால் மாதிரி கலங்கும். அதை மெல்ல மெல்லக் குழாயில் ஊற்றி, மேலிருந்து பார்க்கும்போது புள்ளி எந்தக் கோட்டில் மறைகிறது என்று குறிக்க வேண்டும். அங்கே குழாயில் ஒரு விரல்கடை உயரம் ஊற்றுவதற்குள் புள்ளி மறைந்தது. அளவுகோல் 100-ல் முடிந்துவிடும் என்பதால் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பார்த்தோம்; அப்போதும் அளவுகோலைத் தாண்டியது. 3 பிபிஎம் குளோரின் அந்தத் தண்ணீரில் இருந்தும் இல்லாத மாதிரிதான். மிதவை மாத்திரை ஊருக்குப் போகும் பத்து நாளுக்கு நல்லது. தினசரிக்கு வேண்டாம்.

ப்ளீச்சிங் பவுடர் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள்; கிணற்றுக்குப் போடுகிறோமே என்பார்கள். கிடைக்கும் ப்ளீச்சிங் பவுடரில் பயன்படும் குளோரின் மூட்டை பிரிக்கும்போதே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்காது. மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்பு. ஏற்கெனவே 700 கடினத்தன்மை உள்ள தண்ணீரில் தினமும் சுண்ணாம்பைக் கொட்டுவது என்ன கணக்கு? கால்சியம் ஹைபோகுளோரைட் என்ற குளோரின் தூள் அதைவிட எவ்வளவோ மேல். 65-70 சதம் குளோரின். ஆனால் அதுவும் ஒவ்வொரு 10 பிபிஎம்முக்கு 7 பிபிஎம் கடினத்தன்மையை ஏற்றும். சிறுவாணி மாதிரி மென்மையான தண்ணீர் வருகிற வீட்டுக்கு நான் அதைத் தயங்காமல் சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிசிசிஏ மாத்திரையும் கால்சியம் ஹைபோகுளோரைட்டும் ஒரே வாளியில், ஒரே மிதவையில், ஒரே கரண்டியில்கூடச் சந்திக்கக் கூடாது. ஈரத்தோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். ஆசிட் கேனையும் குளோரின் கேனையும் அடுத்தடுத்து வைக்கக் கூடாது. ஒன்றில் மற்றது கலந்தால் விஷவாயு. தோட்டக்காரருக்கு இதை நீங்களே நேரில் காட்டிச் சொல்ல வேண்டும். கேனில் ஒட்டியிருக்கும் ஆங்கில லேபிளை நம்பி விடாதீர்கள்.

உப்பு சிஸ்டத்துக்கு இப்போது வருவோம், ஏனென்றால் உங்கள் மனம் அதில்தான் இருக்கிறது என்று கேள்வியிலேயே தெரிகிறது. நல்ல சிஸ்டம்தான். லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு. கடல்நீரில் பத்தில் ஒரு பங்கு. உங்கள் குளத்துக்கு சுமார் 180 கிலோ. ஃபில்டரைத் தாண்டி வரும் தண்ணீர் ஒரு செல்லுக்குள் போகும். உள்ளே ருத்தேனியம், இரிடியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் தகடுகள். மின்சாரம் பாய்ந்ததும் உப்பிலுள்ள குளோரைடு ஒரு பக்கம் குளோரினாக மாறும். மறுபக்கம் ஹைட்ரஜன் குமிழியும் காரமும் வரும். குளோரின் வேலையை முடித்ததும் மறுபடி உப்பாகிறது. அதனால் உப்பு செலவாவதில்லை. பேக்வாஷில் (ஃபில்டரில் தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவுவது) போவதையும் மழையில் வழிவதையும் ஈடுகட்டினால் போதும். குளோரின் நாள் முழுக்கச் சிறுகச் சிறுக வருவதால் கண் எரிச்சல் குறைவு. கேன் தூக்கும் வேலை இல்லை. சயனூரிக் ஆசிட் ஏறாது. மணிக்கு 20 கிராம் தயாரிக்கும் செல் ஏழரை மணி நேரம் ஓடினால் உங்கள் 150 கிராம் கிடைத்துவிடும். ஆனால் எப்போதும் தேவையைவிட ஒன்றரை மடங்கு பெரிய செல்லாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம். குறைவாக ஓடும் செல் நீண்ட நாள் வரும்.

சிக்கல் செல்லுக்குள் காரம் உண்டாகிற அந்தப் பக்கத்தில். தகட்டின் மேல் காரம் ஏறியதும், தண்ணீரிலுள்ள கால்சியம் அங்கேயே கார்பனேட்டாகப் படிகிறது. வீட்டு கீசர் காயிலில் பார்ப்பீர்களே, அதே வெள்ளைப் பொருக்கு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை மின்சாரத்தைத் திசை மாற்றி அதை உதிர்க்கும் வசதி நல்ல செல்களில் உண்டு. 200 முதல் 400 வரை கடினத்தன்மை உள்ள தண்ணீரில் அது சமாளிக்கும். உங்கள் 700-ல் சமாளிக்காது; தகடுகளுக்கு நடுவே பொருக்கு அடைத்து, அடிக்கடி கழற்றி ஆசிடில் கழுவ வேண்டி வரும். ஒவ்வொரு ஆசிட் குளியலும் அந்தப் பூச்சைக் கொஞ்சம் தின்னும். ஐந்து வருஷம் வர வேண்டிய செல் இரண்டில் போய்விடும், செல்தான் அந்த சிஸ்டத்திலேயே விலை கூடிய பாகம்.

அதோடு 700 என்பது தொடக்கம்தான். உங்கள் குளத்தின் பரப்பு 42 சதுர மீட்டர். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 200 லிட்டருக்கு மேல் போகிறது. ஆவியாவது வெறும் தண்ணீர், சுண்ணாம்பு தங்கிவிடுகிறது. ஈடுகட்ட நீங்கள் விடுகிற போர் தண்ணீர் புதுச் சுண்ணாம்பைக் கொண்டுவருகிறது. கணக்குப் போட்டால் மாதத்துக்கு 85 பிபிஎம்முக்கு மேல் ஏறும். தண்ணீர் மட்டத்தில் டைல்ஸ் மேல் வெள்ளைக் கோடு விழுவதை எல்லாக் குளத்திலும் பார்த்திருப்பீர்கள். அது ஏன் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் சீக்கிரம் விழுகிறது என்பதும் இதனால்தான்.

உப்பு சிஸ்டத்தில் இன்னும் சில சில்லறைத் தொல்லைகள் உண்டு. ஹைட்ரஜன் குமிழிகள் தண்ணீரைக் கிளறி, கரைந்திருக்கும் கரியமில வாயுவை வெளியேற்றுவதால் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) ஏறிக்கொண்டே இருக்கும், ஆசிட் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏணி, கைப்பிடி 304 தரத்து எவர்சில்வராக இருந்தால் துரு பூக்கும், 316 கேளுங்கள். ஓரத்தில் பதிக்கும் கல் மென்மையான மணற்கல்லாக இருந்தால், உப்புத் தண்ணீர் தெறித்துக் காய்ந்து காய்ந்து மேல்பரப்பு பொரியும், கிரானைட்டுக்குப் பயமில்லை. உப்பை அயோடின் இல்லாததாக, 99 சதத்துக்கு மேல் சுத்தமானதாகப் பார்த்து வாங்க வேண்டும். மலிவு என்று கல் உப்பு மூட்டையைக் கொட்டினால் மக்னீசியமும் கால்சியமும் மண்ணும் இலவசம். பேக்வாஷ் தண்ணீர் தென்னைக்குப் போகலாம், தென்னைக்கு உப்பு வைக்கிற ஊர்தானே. வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் விடாதீர்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாதாந்திர ஷட் டவுன் அன்று காலை 9 முதல் சாயங்காலம்வரை கரண்ட் இல்லை என்றால் செல்லும் இல்லை, குளோரினும் இல்லை. ஒரு நாளுக்குப் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் கையில் ஒரு கேன் திரவக் குளோரின் இருக்க வேண்டும். அதாவது உப்பு சிஸ்டம் வைத்திருப்பவருக்கும் கேன் வேண்டும். (தோட்டத்து இலவச மின்சாரத்தில் குளத்து மோட்டாரை ஓட்டலாமா என்று கேட்காதவர் குறைவு. அது பாசனத்துக்கு. வீட்டு இணைப்பிலிருந்து எடுங்கள், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டு, எர்த் சரியாகக் கொடுத்து.)

இதனால்தான் உங்களுக்குத் திரவக் குளோரின் என்கிறேன். சோடியம் ஹைபோகுளோரைட், கேனில் 10-12 சதம் என்று எழுதியிருக்கும். அதில் சயனூரிக் ஆசிட் இல்லை, கால்சியம் இல்லை. மிஞ்சுவது கொஞ்சம் உப்பு மட்டும். 10 சதம் என்று வைத்தால் தினமும் ஒன்றரை லிட்டர், மாதத்துக்கு 45 லிட்டர். அதன் குறை, சூட்டில் வலு இழப்பது. 35 டிகிரியில் இரண்டு மூன்று மாதத்தில் பாதியாகிவிடும், வெயிலில் நின்றால் இன்னும் வேகம். ஆறு மாதத்துக்கு மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை, தயாரித்த தேதி கேட்டு வாங்கி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மூடியை இறுக்கி அடைத்த கேன் உப்பி நிற்கும். காற்றுப் போகிற மூடியாகப் பாருங்கள்.

ஊற்றுவதற்குப் பெரிஸ்டால்டிக் பம்ப் என்று ஒன்று கிடைக்கிறது. உருளைகள் சுற்றிச் சுற்றி ஒரு ரப்பர் குழாயைப் பிதுக்கி, சொட்டுச் சொட்டாக மருந்தைத் தள்ளும். உள்ளேயிருக்கும் குழாய்தான் தேயும். வருஷத்துக்கு ஒன்று மாற்றினால் போதும், தோட்டக்காரரே மாற்றலாம். ஊசிமுனையை ஃபில்டருக்குப் பிறகு, குளத்துக்குத் திரும்புகிற பைப்பில் பொருத்த வேண்டும். பெரிய மோட்டார் நின்றால் இதுவும் நின்றாக வேண்டும். வயரிங்கிலேயே அப்படிக் கட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஓடாத பைப்பில் மருந்து தேங்கி, மோட்டார் போட்டதும் மொத்தமாகக் குளத்துக்குள் பாயும். ஆசிடுக்கும் இன்னொரு டோசிங் பம்ப் விற்கப் பார்ப்பார்கள். வீட்டில் வேண்டாம். தேங்கிய பைப்பில் ஆசிடும் குளோரினும் சந்தித்து, திரும்பும் வாயில் குளோரின் வாயு கிளம்பிக் குளிப்பவர்கள் மூச்சுத் திணறிய விபத்துகள் வெளிநாடுகளில் பல நடந்திருக்கின்றன. ஆசிடை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை கையால், யாரும் தண்ணீரில் இல்லாதபோது, மோட்டார் ஓடும்போது, ஆழமான பக்கம் மெல்ல ஊற்றினால் போதும்.

பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவே இருக்கட்டும். 7.5-ல் குளோரினில் பாதி வேலை செய்யும் வடிவத்தில் இருக்கும். 8-ல் கால்வாசிதான் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். சயனூரிக் ஆசிட் உள்ள தண்ணீரில் அந்தச் சரிவு அவ்வளவு செங்குத்தாக இருக்காது என்பதை அவை பெரும்பாலும் சொல்வதில்லை. ஆகவே 7.8 காட்டிய அன்று பதற வேண்டாம். உங்களுக்கு பிஎச் முக்கியமாவது சுண்ணாம்புக்காக: கடினமான தண்ணீரில் பிஎச் ஏறினால் எல்லா இடத்திலும் வெள்ளை படியும்.

காரத்தன்மை 350 என்பது அதிகம். அதை 80 பக்கம் இறக்கினால்தான் பிஎச் அடங்கி நிற்கும். இந்தக் குளத்தில் 10 பிபிஎம் இறக்க, 30 சத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுமார் 1.1 லிட்டர் பிடிக்கும். 270 இறக்க 29 லிட்டர். ஒரே நாளில் ஊற்றக் கூடாது. தினம் இரண்டு லிட்டராக ஊற்றி, பிஎச் 7-க்குக் கீழே போகாமல் பார்த்து, நடுவே திரும்பும் குழாயின் வாயை மேல்நோக்கித் திருப்பித் தண்ணீரைக் கொந்தளிக்க விட வேண்டும். கரியமில வாயு வெளியேறி பிஎச் தானாக ஏறும், அடுத்த தவணை ஆசிட் ஊற்றலாம்.

இதையெல்லாம்விட மலிவான வைத்தியம் உங்கள் கூரையில் இருக்கிறது. கோவையில் வருஷத்துக்கு 650 மில்லிமீட்டர் சுமார் மழை. 150 சதுர மீட்டர் மொட்டை மாடியிலிருந்து, வீணாவது போக, 80,000 லிட்டர் பக்கம் எடுக்கலாம். ஆவியாகிப் போவதற்கு ஈடாக உங்களுக்கு வருஷத்துக்குத் தேவை 75,000 லிட்டர். மழைநீர் சேகரிப்பு வீடுகளுக்குக் கட்டாயம்தான். பூமிக்குள் விடுவதற்கு முன் ஒரு சம்ப் வழியாக வரட்டும். எல்லா மழையையும் பிடிக்கும் சம்ப் யாரும் கட்ட முடியாது, ஆனால் 20,000-30,000 லிட்டர் சம்ப் இருந்தாலே போர் தண்ணீர் தேவை பெரிதாகக் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் குளத்தை முதல்முறை நிரப்புகிற மாதிரி வேலையைத் திட்டமிட்டால் பாதியாவது மழைநீராக நிரப்பலாம். கடினத்தன்மை 350 பக்கம் வந்துவிட்டால் உப்பு சிஸ்டத்தைப் பற்றி மறுபடி யோசிக்கலாம். இன்னொரு லாபமும் உண்டு. திரவக் குளோரின் ஒவ்வொரு பிபிஎம்முக்கும் ஒன்றரைக்குச் சற்று மேல் உப்பை விட்டுப் போகிறது. ஒரு வருஷம் ஓடிய குளத்தில், அதிகம் தண்ணீர் மாற்றாமலிருந்தால், செல்லுக்குத் தேவையானதில் பாதி உப்பு ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அப்போது உப்பை அளக்கும்போது டிடிஎஸ் மீட்டரை நம்பாதீர்கள். உங்கள் தண்ணீரின் சுண்ணாம்பையும் சேர்த்து அது உப்பு என்றே காட்டும். குளோரைடு மட்டும் பார்க்கும் சோதனைப் பட்டை வாங்குங்கள்.

சோதனை கிட் என்றதும் கடையில் மஞ்சள் நிறம் காட்டும் பாட்டிலைத் தருவார்கள். அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும். வேலை செய்யும் குளோரின் எவ்வளவு, வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செத்துப்போன குளோராமின் எவ்வளவு என்று பிரிக்காது. ஓட்டல் குளத்தில் மூக்கைத் துளைக்கும் வாடை அந்தக் குளோராமின்தான். குளோரின் மிஞ்சிவிட்டது என்று நினைப்பார்கள், உண்மையில் போதவில்லை. இளஞ்சிவப்பு காட்டும் டிபிடி கிட் கேளுங்கள். அதிலும் ஒன்று கவனியுங்கள்: குளோரின் மிக அதிகமாக இருந்தால் சிவப்பு ஒரு கணம் பளிச்சிட்டு வெளுத்துப் போகும். நிறமே இல்லை என்று இன்னும் ஊற்றிவிடாதீர்கள். நல்ல தண்ணீர் கலந்து மறுபடி பாருங்கள்.

தினசரி முறை பெரிதாக ஒன்றுமில்லை. தொடக்கத்தில் சயனூரிக் ஆசிடை ஒரே ஒரு முறை, 35 பிபிஎம்முக்கு 1.8 கிலோ, பழைய காலுறைக்குள் போட்டுத் தண்ணீர் திரும்பும் வாயருகே கட்டித் தொங்கவிட்டால் சில நாளில் கரையும். குளோரின் 3 முதல் 5-க்குள். மோட்டார் எட்டு மணி நேரம். டோசிங்கை மாலையில் ஓட விடுங்கள், வெயில் தின்னாது. முதல் மாதம் தினமும் அளந்தால் உங்கள் குளம் எவ்வளவு கேட்கிறது என்று பிடிபட்டுவிடும். பிறகு வாரத்தில் மூன்று முறை போதும்.

பிளம்பரிடம் சொல்ல வேண்டியது: பின்னால் உப்பு செல் பொருத்துவதற்காக, ஃபில்டருக்கும் திரும்பும் பைப்புக்கும் நடுவே, கண் உயரத்தில், இரண்டரை அடி நேர்ப் பைப், இரு பக்கமும் யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) வைத்து, சுற்றி வர ஒரு பைபாஸ் வால்வுடன். பக்கத்துச் சுவரில் ஒரு தனி மின் இணைப்புப் புள்ளி. ஏணி 316 தரம், ஓரக்கல் கிரானைட். உள்ளே டைல்ஸ் இல்லாமல் பூச்சு வேலை என்றால், அது முடிந்து ஒரு மாதமாவது ஆகாமல் உப்பு எதுவும் கொட்டக் கூடாது. மோட்டார் ரூமில் ஆசிடுக்கு இடம் ஒதுக்காதீர்கள். அதன் ஆவி பேனல் போர்டைத் துருவேற்றிவிடும், வெளியே தனி மாடம் கட்டுங்கள். கான்கிரீட் போடுவதற்கு முன்பே வரைபடத்தில் இதெல்லாம் ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் ஒட்டிய பைப்பை அறுத்துத்தான் இடம் செய்ய வேண்டியிருக்கும்.